மின்சாரம் கடத்தும் பூச்சு போட்ட துணி, நம் ஊர் வேர்வைக்குத் தாங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் முடிந்ததும் கல்லூரிகளில் ப்ராஜெக்ட் பருவம் தொடங்கிவிடும். புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று குழுவாவது துணியும் கையுமாக என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். இதயத் துடிப்பு பார்க்கும் பனியன், சூடேறும் முழங்கால் பட்டை, மொபைலைத் தொடும் கையுறை என்று யோசனைகளுக்குக் குறைவில்லை. அவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியும், துணி தெரியாது. நான் மில்லில் சாயம், பினிஷிங் பிரிவில் காலம் தள்ளியவன். எனக்குத் துணி தெரியும், மின்சாரத்தை அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

மின்கடத்தும் பூச்சு என்றால் துணிமேல் என்னதான் பூசுகிறார்கள்?

நான்கு வகை. முதலாவது உலோகம்: வெள்ளி, செம்பு, நிக்கல். இரண்டாவது கரி: கார்பன் தூள், கிராபீன் போன்றவை. மூன்றாவது, மின்சாரம் கடத்தும் பாலிமர்கள்: பாலிபிர்ரோல், பாலிஅனிலின், பெடாட். பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாது என்று பள்ளியில் படித்தோம். 1977இல் பாலிஅசிட்டிலீனில் அயோடினை ஏற்றி அது கடத்தும் என்று காட்டினார்கள். அதற்காக ஹீகர், மெக்டயார்மிட், ஷிராகாவா மூவருக்கும் 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நான்காவது, இவற்றைக் கலந்து செய்யும் மைகள்.

எதைப் பூசுகிறோம் என்பதைவிட எப்படிப் பூசுகிறோம் என்பதில்தான் உடுத்துகிறவரின் சுகம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

பூச்சு போட்டதும் துணி ஏன் அட்டை மாதிரி ஆகிவிடுகிறது?

வேட்டிக்குக் கஞ்சி போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் பாட்டியிடம் கேளுங்கள். வடித்த கஞ்சியை நீர்க்க விளாவி வேட்டியை முக்கிப் பிழிந்தால் மொடமொடவென்று கம்பீரமாக நிற்கும். அதே கஞ்சியைக் கெட்டியாகப் போட்டால் மடிப்பு வெள்ளையாகத் தெறித்து, உட்காரும்போது சத்தம் போடும். இரண்டுமே கஞ்சிதான். ஒன்றில் அது நூலைச் சுற்றி மெல்லிய தோலாக ஒட்டுகிறது. மற்றதில் நூலுக்கும் நூலுக்கும் நடுவில் பாலம் கட்டிவிடுகிறது.

துணி மடங்கும்போது நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று லேசாக வழுக்க வேண்டும். அந்த வழுக்கல்தான் மென்மை. இழைகளைப் பூச்சு ஒட்டிப்போட்டால் வழுக்கல் நின்று, துணி ஒரே தகடாக வளைகிறது. பெரும்பாலும் அதற்குக் காரணம் மின்சாரம் கடத்தும் பொருள் அல்ல, அதைத் துணியில் பிடித்து வைக்கப் போடும் பைண்டர். கார்பன் தூள் தானாக ஒட்டாது. அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் பைண்டர் நிறையப் போட வேண்டும். பைண்டர் மின்சாரம் கடத்தாது என்பதால் கார்பனைக் கூட்ட வேண்டியிருக்கும், கார்பனைக் கூட்டினால் அதைப் பிடிக்க மறுபடி பைண்டர். மாணவர்கள் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு ரெக்சின் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

விறைப்பை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. 2.5 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டையை வெட்டி, மேசை விளிம்பில் மெல்ல வெளியே தள்ளுங்கள். பட்டை தன் எடையால் 41.5 டிகிரி சரிந்ததும் நிறுத்தி, எவ்வளவு நீளம் வெளியே போயிருக்கிறது என்று பாருங்கள். நீளம் கூடினால் விறைப்பு கூடுதல். பியர்ஸ் என்பவர் 1930இல் சொன்ன முறை இது, இன்றும் சோதனைக்கூடங்களில் நடக்கிறது. கையால் தொட்டுச் சொல்லும் உணர்வை முழுக்க எண்ணாக மாற்ற 1970களில் ஜப்பானில் கவாபாட்டா ஒரு கருவித் தொகுப்பே உருவாக்கினார். அதன் விலைக்கு நீங்களும் நானும் ஆசைப்பட வேண்டாம்.

பூச்சு போட்ட துணி மூச்சு விடுமா?

இதுதான் நம் ஊருக்கான கேள்வி. ஒரு குழு, சட்டை முதுகில் ஒரு அடிச் சதுரத்துக்குக் கார்பன் மையை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மூன்று கோட்டிங் அடித்துக் கொண்டுவந்தது. ஒரு பையன் அதைப் போட்டுக்கொண்டு ஏப்ரல் மாதப் பகல் பதினொரு மணிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அரை மணி நேரம் நடந்தான். கழற்றிப் பார்த்தோம். பூச்சு இல்லாத இடமெல்லாம் நனைந்து, ஓரங்களில் காயவும் தொடங்கியிருந்தது. பூசிய சதுரத்தின் உள்பக்கத்தில் மட்டும் வேர்வை முத்து முத்தாகத் துளி கட்டி நின்றது. இட்லிப் பானை மூடியைத் திருப்பினால் தெரியுமே, அதே மாதிரி. வெளிப்பக்கமோ எலும்பாகக் காய்ந்து கிடந்தது. அந்தப் பையன் சொன்ன ஒரே வார்த்தை: "கசகசங்குது சார்."

பருத்தித் துணியின் கன அளவில் பாதிக்கு மேல் காற்றுதான். வேர்வை ஆவியாகி அந்த இடுக்குகள் வழியாகப் போகிறது. மணிக்கு 100 கிராம் வேர்வை ஆவியானால் சுமார் 67 வாட் சூட்டை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் வெளியிடும் சூடு ஏறக்குறைய 100 வாட் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இடுக்குகளைப் பைண்டர் படலம் அடைத்தால் இந்த வழி மூடிவிடும். உடம்பு விடாது, இன்னும் வேர்க்கும். அது ஆவியாகாமல் ஓடும், வேர்க்குரு வரும்.

இன்னொரு சங்கதி. ஆவியை வெளியே இழுப்பது, தோலருகில் இருக்கும் நீராவி அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் நீராவி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். 35 டிகிரியில் நனைந்த தோலருகே அது சுமார் 5,600 பாஸ்கல். உள்மாவட்டம் ஒன்றில் 38 டிகிரி வெயில், 30 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் வெளியே சுமார் 2,000. வித்தியாசம் 3,600. நம் கடற்கரையில் 32 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 75 சதவீதம். வெளியே சுமார் 3,570, வித்தியாசம் வெறும் 2,050. அங்கே வெயில் அதிகம், இங்கே இழுவை குறைவு. நாம் 'புழுக்கம்' என்று சொல்வது இந்தக் குறைந்த இழுவையைத்தான். உள்மாவட்டத்தில் சமாளிக்கும் துணி இங்கே திணறுவதும் இதனால்தான்.

சோதனைக்கூடத்தில் 'நன்றாக ஆவி விடுகிறது' என்று சான்று வாங்கிவிட்டோம். போதாதா?

ஐஎஸ்ஓ 11092 என்ற சோதனையில், வேர்க்கும் தோலைப் போன்ற ஒரு தட்டின்மேல் துணியை விரித்து அளப்பார்கள். தட்டும் காற்றும் 35 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம், காற்று நொடிக்கு ஒரு மீட்டர். அங்கே இழுவை சுமார் 3,370 பாஸ்கல். மேலே நம் கடற்கரைக்குப் போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். ஆவிக்குத் துணி தரும் தடை மாறாது, சான்றும் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே துணி வழியாக இங்கே வெளியேறும் வேர்வை அந்த அறையில் வெளியேறியதில் கிட்டத்தட்ட ஐந்தில் மூன்று பங்குதான். துணிகளை ஒன்றோடொன்று ஒப்பிடச் சான்று உதவும். மே மாதக் கடலூருக்கு அது வாக்குறுதி ஆகாது.

அப்படியானால் எந்தப் பூச்சு உடம்புக்குச் சுகம்?

என் அனுபவத்தில், இழையைச் சுற்றி ஏறுவது இடுக்கை மூடுவதைவிட எப்போதும் மேல்.

பாலிபிர்ரோல் இதற்கு நல்ல உதாரணம். துணியைப் பிர்ரோல் கரைசலில் ஊறவைத்து பெர்ரிக் குளோரைடு சேர்த்தால் இழைமேலேயே பாலிமர் வளர்கிறது. சாயம் ஏறுவது போலத்தான். இடுக்குகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும், துணி கொஞ்சம்தான் விறைக்கும். குறை என்னவென்றால் கறுப்பு நிறம் தவிர வேறு கேட்க முடியாது, நாளாக ஆகக் கடத்துதிறனும் குறையும். பெடாட் கரைசலும் மெல்லிய படலமாக ஏறும். ஆனால் சந்தையில் வரும் கரைசல் பெரும்பாலும் நல்ல அமிலம். பருத்தியில் ஏற்றி அப்படியே சூட்டில் காயவைத்தால் இழை பலமிழக்கும். பெல்ட் மாதிரி உறுதியாக இருந்த பட்டை, விரலில் சுற்றி இழுத்ததும் கிழிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வெள்ளி முலாம் பூசிய நைலான் நூல் தொடுவதற்கு மிருதுவானது, நன்றாகக் கடத்தும், விலைதான் கடிக்கும். நூலிலேயே வெள்ளி இருப்பதால், தேவையான இடத்தில் மட்டும் பின்னிக்கொள்ளலாம், மற்ற இடமெல்லாம் சாதாரணப் பருத்தி. மாணவர்கள் இதைத் தொடங்கும்போது தயங்குகிறார்கள், கடைசியில் இதற்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

பைண்டரோடு கார்பன் மையை முழுப்பரப்பில் பூசுவது மலிவு. சுகத்தில் கடைசி இடம்.

வெள்ளி பூசிய சட்டை குளிர்ச்சியாக இருக்குமாமே?

தொட்ட நொடியில் குளிரும், அதுவும் உலோகம் அடர்த்தியாக இருந்தால்தான். போட்டுக்கொண்ட பிறகு கதை வேறு. நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத இதமான அறையில் சும்மா இருக்கும்போது உடம்பு இழக்கும் சூட்டில் பாதிக்கு அருகில் இந்த வழியில்தான் போகும். பருத்தி அந்தக் கதிரை உள்வாங்கி வெளியே விடும். உலோகப் பரப்போ திருப்பி அனுப்பிவிடும். மலையேறுபவர்கள் அவசரத்துக்குப் போர்த்திக்கொள்ளும் பளபளப் போர்வை வேலை செய்வது இப்படித்தான். ஆகவே முழுக்க உலோகம் பூசிய சட்டை ஊட்டிக்கு நல்லது. நேர் வெயிலில் பளபளப்பு வெளியே இருந்தால் சூரியக் கதிரைத் தடுக்கும் என்பது உண்மை, ஆனால் நிழலுக்கு வந்ததும் அந்தச் சலுகை முடிந்துவிடும்.

பட்டுப் புடவை ஜரிகை மின்சாரம் கடத்துமா?

வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டு நூலில் சுற்றி முலாம் பூசிய அசல் ஜரிகை கடத்தும். மின்சாரம் ஓடுமா, எவ்வளவு தடை என்று அளக்கும் மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்துத் தொட்டால் கூவும். பாலியெஸ்டர் படலத்தில் செய்த மலிவு ஜரிகையில் மேலே அரக்குப் பூச்சு இருப்பதால் பெரும்பாலும் கூவாது. அம்மாவின் கல்யாணப் புடவையில் சோதிக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

விளையாட்டாகச் சொன்னாலும் பாடம் அதில் இருக்கிறது. உலோகத்தைத் துணியில் சேர்க்கும் வித்தை நமக்குப் புதிதில்லை. நெசவாளர் அதை உடல் முழுக்கப் போடாமல் கரையிலும் முந்தானையிலும் நிறுத்தினார். விலை ஒரு காரணம்தான். ஆனால் இடுப்பில் ஜரிகை உரசினால் அரிக்கும் என்பதைக் கல்யாணத்துக்குப் போய் வந்த எந்தப் பெண்ணும் சொல்வார்.

தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா?

நிக்கல் பலருக்கு ஒவ்வாது. மலிவுக் கம்மல் போட்டுக் காது புண்ணாகிறதே, பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். தோலில் நீண்ட நேரம் படும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியாகக் கூடாது என்று ஐரோப்பாவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். வேர்வை அதிகமானால் கசிவும் அதிகமாகும். செம்பு-நிக்கல் பூசிய பாலியெஸ்டர் துணி, ரேடியோ, மொபைல் அலைகளைத் தடுக்கும் திரைக்காக விற்பது. விலை குறைவு என்று வாங்கி அக்குளில் தைக்காதீர்கள். செம்பு தனியாக இருந்தால் வேர்வை உப்பில் பச்சை படிந்து தோலிலும் ஒட்டும். வெள்ளி பொதுவாகச் சாது, ஆனால் காற்றிலும் வேர்வையிலும் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும், வெள்ளிக் கொலுசு கறுப்பது போல.

கார்பன் பூச்சில் அரிப்பைவிட அழுக்குதான் தொல்லை. வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் பனியனும் கறுக்கும்.

துவைக்கலாமா?

கேட்பவர் எல்லாருக்கும் நான் காட்டும் வித்தை ஒன்று உண்டு. பாலிஅனிலின் ஏற்றிய பச்சைத் துணியில் ஒரு சொட்டு சலவைத்தூள் கரைசல் விட்டால், சற்று நேரத்தில் அந்த இடம் நீலமாக மாறும். காரம் பட்டதும் பாலிமரிலிருந்த அமிலம் விலகி, மின்சாரம் கடத்தாத வடிவத்துக்கு அது போய்விட்டது என்று பொருள். மல்டிமீட்டர் வைத்தால் தடை ஏறியிருக்கும். நம் வீட்டுச் சலவைத்தூளும் சோப்பும் காரமானவை. அதனால் காரமில்லாத திரவச் சோப்பு, குளிர்ந்த நீர், கையால் அலசல். துவைகல்லில் அடிக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. மடித்த இடத்தில்தான் பூச்சு முதலில் வெடிக்கும்.

இங்கேயும் சுகத்தோடு தொடர்பு உண்டு. துவைத்தால் போகும் என்று பயந்து மேலே இன்னொரு பாதுகாப்புப் படலம் பூசுவார்கள். சலவை தாங்கும், ஆனால் இடுக்குகளின் கதி மேலே சொன்னதுதான். கழற்றக்கூடிய சிறிய பட்டையாகச் செய்து, சட்டையை மட்டும் துவைப்பது எனக்குப் பிடித்த வழி.

உடுத்தினால் ஷாக் அடிக்குமா?

பவர் பேங்கின் 5 வோல்ட்டில் அடிக்காது. ஆனால் வீட்டு வயரிங் வேலை செய்யும்போது எந்த மின்கடத்தும் துணியையும் உடுத்தாதீர்கள். 230 வோல்ட்டில் அது பாதுகாப்பே அல்ல, மின்சாரத்துக்கு வழி காட்டும்.

லைன்மேன் ஒருவரின் மனைவி கேட்டார்: உயர் அழுத்த வேலைக்கு உலோக உடை போடுகிறார்களே, அது எப்படி என்று. அது மின்சாரத்தை நிறுத்தாமலே கம்பியில் வேலை செய்யும் பயிற்சி பெற்றவர்களுக்கான உடை. மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய எவர்சில்வர் இழையை நூலோடு கலந்து நெய்தது. தலை முதல் கால் வரை மூடி, உடையையே கம்பியோடு இணைத்துக்கொள்வார்கள். உடம்பு முழுக்க ஒரே மின்னழுத்தம் வந்துவிடுவதால் உடம்பு வழியாக மின்சாரம் ஓடாது. 1836இல் மைக்கேல் ஃபாரடே காட்டிய கூண்டுதான், துணி வடிவத்தில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு கடலூரில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தவர்கள் செய்தது வேறு வேலை, மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்வது. அதற்கு இந்த உடை வேண்டாம்.

பாலியெஸ்டர் சட்டையில் 'சடசட'வென்று பொறி வருகிறது. அதற்கு இந்தப் பூச்சு போடலாமா?

நம் கடற்கரைக் காற்றில் அந்தத் தொல்லை குறைவு. பருத்தி காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கொஞ்சம் கடத்தும். பருத்திக்கு மாறுங்கள், செலவு மிச்சம்.

சூடேறும் முழங்கால் பட்டை செய்யலாமா?

செய்யலாம். மார்கழிப் பனியில் மூட்டு வலிக்கும் பெரியவர்களுக்கு உதவும். கணக்கு எளிது: 5 வோல்ட்டில் 5 ஓம் தடை இருந்தால் ஒரு ஆம்பியர் ஓடி 5 வாட் சூடு வரும். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பட்டைக்கு அது போதும். 10,000 மில்லிஆம்பியர்-மணி பவர் பேங்க் ஐந்தாறு மணி நேரம் தாங்கும்.

பயம் வேறிடத்தில். பூச்சு வெடித்த மடிப்பில் மின்சாரம் நெருக்கியடித்துக்கொண்டு மிச்சமிருக்கும் குறுகிய வழியில் ஓடும். அங்கே மட்டும் கொதிக்கும். தோல் 44 டிகிரியில் ஆறு மணி நேரம் இருந்தாலே புண்ணாகும் என்று 1940களிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுடுவதே தெரியாது. வெப்பத்தை உணர்ந்து தானாக நிற்கும் அமைப்பு இல்லாமல் யாருக்கும் கட்டிவிடாதீர்கள். தூங்கும்போது வேண்டவே வேண்டாம்.

இதயத் துடிப்பு பனியன் இறுக்கமாக இருந்தால்தான் வேலை செய்கிறது. தளர்த்தினால் கோடு கிறுக்கலாகிறது. என்ன செய்ய?

ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஜெல் தடவுவது, தோலுக்கும் மின்முனைக்கும் இடையே ஈரத் தொடர்பு வேண்டும் என்பதற்காக. துணி மின்முனையில் ஜெல் இல்லை. தொடக்கத்தில் சமிக்ஞை மோசமாக இருக்கும், வேர்வை ஊறியதும் தெளிவாகும். வேர்வை நமக்கு நண்பனாக இருக்கும் ஒரே இடம் இதுதான் என்று மாணவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். பனியன் முழுவதையும் இறுக்க வேண்டாம். மின்முனைக்குப் பின்னால் மட்டும் மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்து, நெஞ்சுக்குக் கீழே ஒரு எலாஸ்டிக் பட்டை போதும். மின்முனை இரண்டு மூன்று செ.மீ. அகலத்துக்கு மேல் வேண்டியதில்லை.

எவ்வளவு பூசினால் போதும்?

தடையை 'சதுரத்துக்கு இத்தனை ஓம்' என்று சொல்வார்கள். 2 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளப் பட்டையில் பத்துச் சதுரங்கள் வரிசையாக இருக்கின்றன. சதுரத்துக்கு 10 ஓம் என்றால் முனைக்கு முனை 100 ஓம். சமிக்ஞை கொண்டுபோக 100 ஓம் தாராளம். பலர் இந்தக் கணக்குப் போடாமல், தடை குறைந்தால் நல்லது என்று கோட்டிங்மேல் கோட்டிங் அடிக்கிறார்கள். கழுத்து முதல் இடுப்பு வரை பூசிய சட்டை எனக்கு வந்திருக்கிறது. அதற்குத் தேவைப்பட்டது இரண்டு கோடுகள்.

கோடாகப் போடுங்கள். கட்டாயம் பரப்பாக வேண்டுமென்றால் வலை மாதிரிப் போடுங்கள், ஜன்னல் கம்பிபோல இடைவெளி விட்டு. மின்சாரத்துக்கு வழி கிடைக்கும், வேர்வைக்கும் வழி கிடைக்கும்.

வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

ஒரே அளவான மூன்று எவர்சில்வர் டம்ளர். மூன்றிலும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர். ஒன்றின் வாயில் பூசாத துணி, இன்னொன்றில் பூசிய துணி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள். மூன்றாவது திறந்தபடி. நகைக்கடைத் தராசு மாதிரி சிறிய டிஜிட்டல் தராசில் நிறுத்து, ஒரே இடத்தில் வைத்து, மறுநாள் மறுபடி நிறுங்கள். குறைந்த எடைதான் துணி வழியே போன ஆவி. மூன்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டும். கடல் காற்று மாறினால் எண்களும் மாறும், நேற்றையதையும் இன்றையதையும் ஒப்பிடக் கூடாது. அப்புறம், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். துணி குடித்தால் சரி, தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு நின்றால் வேர்வையும் உள்பக்கம் அப்படித்தான் நிற்கும்.

தையல்காரர் இந்தத் துணியைத் தைக்கத் தயங்குகிறார். ஏன்?

கார்பன் பூச்சு ஊசியைச் சூடாக்கும், பைண்டர் ஊசியில் பிசினாக ஒட்டும், நூல் அறும். மெல்லிய ஊசி, நீளத் தையல், மெதுவான ஓட்டம் என்று சொல்லிக் கொடுங்கள். பூசிய பகுதியில் தையல் பிரித்து மறுபடி தைக்க முடியாது, ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். அதனால் முதலில் பழைய துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். பக்கத் தையலை அக்குளுக்கு நேர் கீழே கொண்டுவர வேண்டாம், கொஞ்சம் முதுகுப் பக்கம் தள்ளச் சொல்லுங்கள். கம்பியை இணைக்கப் பிரஸ் பட்டன் போதும். அதன் உள்பக்க உலோகம் தோலில் படாதபடி ஒரு துண்டுப் பருத்தியை அடியில் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.